டைனமோ சுற்றிய காதுகளுக்கு ஒரு சைக்கடெலிக் பாட்டு

போன மாரியில் ஒரு மாலை, அக்காவின் மகனுக்கு என் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். பத்து விநாடி கேட்டிருப்பான். தொலைபேசியைக் கவிழ்த்து ஒருமுறை உதறிவிட்டு, "மாமா, இதற்குள் தண்ணீர் போய்விட்டதா?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாட்டில் ட்ரம்ஸ் தண்ணீருக்கடியில் அடிப்பதுபோலத்தான் கேட்கும். குரலோ, யாரோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி பாடுவதுபோல இருக்கும். முதன்முறை கேட்டபோது நானும் ஹெட்போன் வயரைத் திருகித்தான் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை, இது வேண்டுமென்றே செய்த வேலை என்று விளங்க எனக்குச் சில நாட்கள் எடுத்தன. அந்தச் சில நாட்களை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரவே இதை எழுதுகிறேன்.

பாட்டின் பெயர் 'ஃபீல்ஸ் லைக் வீ ஒன்லி கோ பேக்வர்ட்ஸ்'. டேம் இம்பாலா என்ற பெயரில் 2012 இல் வந்த 'லோனரிசம்' தொகுப்பில் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். டேம் இம்பாலா என்றால் ஒரு குழு என்று நினைப்பீர்கள். மேடையில் குழுதான். ஒலிப்பதிவில் பெரும்பாலும் ஒரே ஆள்: அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக் கெவின் பார்க்கர். அவரே ட்ரம்ஸ், அவரே கிற்றார், அவரே பாடகர், பதிவு செய்வதும் அவரே. ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒலியைத் தனியாக ஓர் அறைக்குள் இருந்து திரும்பக் கட்டியவர். இந்த வகையைச் சைக்கடெலிக் பொப் என்பார்கள்.

இலங்கையின் வடக்கே வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பாட்டு ஏன் முதலில் ஒட்டுவதில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரியும். நாங்கள் பாட்டை வரியிலிருந்து கேட்கத் தொடங்குகிறோம். கோயில் லவுட்ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு, வானொலியில் படப்பாட்டு, கலியாண வீட்டில் பைலா, எதுவானாலும் முதலில் சொல் விளங்க வேண்டும், அடுத்தது மெட்டு, அதன்பின் குரல். வாத்தியமெல்லாம் கடைசி வரிசை. இந்தப் பாட்டில் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒலியிலிருந்து தொடங்கி, சொல்லைக் கடைசியாகத் தொட வேண்டும்.

முன்னேற்பாடு

ஹெட்போன் கட்டாயம். விலை கூடியது தேவையில்லை. வயர் உள்ள சாதாரணமானதே போதும். கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, இந்தப் பாட்டின் பாதி அடித்தொனியில்தான் இருக்கிறது. ஹெட்போனின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு பக்கம் செத்துப்போன ஹெட்போனோடு பல மாதம், அறுபதுகளின் ஆங்கிலேயக் குழுவான பீற்றில்ஸைக் கேட்டிருக்கிறேன். 1965 இல் வந்த 'ரப்பர் சோல்' தொகுப்பின் ஸ்டீரியோப் பதிவில் வாத்தியங்கள் பெரும்பாலும் ஒரு காதிலும் குரல்கள் மற்றக் காதிலும் இருக்கும். எனக்கு உயிரோடு இருந்தது வாத்தியக் காது. 'நல்ல வாத்திய இசை, பாடவும் செய்திருக்கலாம்' என்று நண்பனிடம் சொன்னேன். அவன் இன்றுவரை அதை எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான்.

அடுத்தது சிக்னல். மாங்குளம் சந்தியை விட்டு உள்ளே இறங்கினால் பாட்டு நடுவழியில் நின்று நின்று வரும். இந்த வகைப் பாட்டில் எது சிக்னல் கோளாறு, எது பாட்டுக்காரர் செய்தது என்று புதியவருக்குப் பிரித்தறிய முடியாது. ஆகவே டவுனில் நிற்கும்போதே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அடித்தொனியைக் கூட்டிக் காட்டும் 'பாஸ் பூஸ்ட்' போன்ற அலங்காரங்கள் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

நேரம்: இரவுச் சாப்பாட்டுக்குப் பின். மாரியில் என்றால் தவளைக் கச்சேரி தொடங்குமுன். மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதி வழியே போய்க்கொண்டு கேட்பது வேண்டவே வேண்டாம். காதும் போகும், ஆளும் போவார்.

'சைக்கடெலிக்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. 1950களின் நடுப்பகுதியில் ஹம்ப்ரி ஒஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், மனம் என்றும் வெளிப்படுதல் என்றும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த சொல் அது. அன்று ஆய்விலிருந்த எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளைக் குறிக்கத்தான் செய்தார். அறுபதுகளின் இசைக்காரர் பலர் அதைப் பாவித்ததும் உண்மை. ஆனால் இந்த ஒலிகளைச் செய்தது மருந்து அல்ல. ஒலிநாடாவும் கத்தரிக்கோலும் பொறியியலாளரின் பொறுமையும்தான். கேட்பதற்கும் ஒரு தேநீர் போதும். எங்கள் பெடியன்களைச் சுற்றி இன்று என்னென்ன விற்கிறார்கள் என்று தெரிந்த ஆள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் மூன்று தடவை

முதல் தடவை ஒன்றும் செய்யாதீர்கள். நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள். வரிகளைத் தேடிப் படிக்காதீர்கள். பாட்டு பல்லவியிலிருந்தே தொடங்கும். நீங்கள் ஆயத்தமாகுமுன் உள்ளே இழுத்துவிடும். பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

இரண்டாம் தடவை, அடித்தொனி வாசிக்கும் பேஸ் கிற்றாரை மட்டும் பின்தொடருங்கள். இதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கோயில் மேளக்கச்சேரியில் எல்லோரும் நாதஸ்வரத்தையும் தவிலையும் பார்த்துக்கொண்டிருக்க, முன்பெல்லாம் ஒருவர் மூலையில் இருந்து ஒரே சுரத்தில் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார், நினைவிருக்கிறதா? அவரை மட்டும் கேட்க முயன்றதுண்டா? அதே முயற்சிதான். ஆனால் ஒரு வித்தியாசம். ஒத்து ஓரிடத்தில் நிற்கும். இந்தப் பேஸ் நிற்காது. மேலே பாடகர் ஒரு மெட்டைப் பாட, கீழே இது தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு படியிறங்கி ஏறும். கண்ணை மூடி அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். முணுமுணுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பேஸ் கிற்றார் இப்படிப் பாடத் தொடங்கியதில் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் காலத்தில் அதைச் சத்தமாகப் பதிவு செய்யப் பயந்தார்கள். அடித்தொனி மிஞ்சினால் இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும் என்ற பயம். 1966 இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டுக்காக ஒரு லவுட்ஸ்பீக்கரையே மைக்காக மாற்றிப் பேஸுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். இன்று ஊசி இல்லை. பார்க்கர் பேஸைப் பாட்டின் நடுவீட்டில் கொண்டுவந்து இருத்திவிட்டார். பழைய பாட்டின் சாயல் என்று சொல்லும்போதே, பழைய பாட்டில் இருந்திருக்கவே முடியாத ஒன்று இதில் இருக்கிறது என்பதை இங்கேதான் முதலில் பிடிக்கலாம். எனக்கு இது வெறும் நகல் இல்லை என்று பட்டதும் இந்த இடத்தில்தான்.

மூன்றாம் தடவை ட்ரம்ஸ். தோல் வாத்தியம் என்றால் நாங்கள் வெயிலில் காயவைத்தோ நெருப்பில் காட்டியோ தோலை இறுக்கி, கணீரென்று எழுப்பப் பார்ப்போம். பீற்றில்ஸ் 1966 இல் நேரெதிராகச் செய்தார்கள். அவர்களின் ட்ரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டாரின் பெரிய ட்ரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கைக் கிட்டக் கொண்டுபோய், ஒலியை நசுக்கும் ஒரு கருவிக்குள்ளால் அனுப்பினார்கள். 'கண்' என்பது போய் 'தொப்' என்று நெஞ்சில் அடிக்கும் ஒலி வந்தது. பார்க்கரின் ட்ரம்ஸுக்கு அதுதான் பாட்டன். நசுக்குவதில் பேரன் பாட்டனை மிஞ்சிவிட்டார்.

நான்காவது: சுழற்சி

இனித்தான் இந்தப் பாட்டின் உயிர். ட்ரம்ஸும் இசைப்பலகையும் ஒரே நிறத்தில் நிற்காமல் மெல்ல மெல்லச் சுழல்வதுபோல ஒரு தன்மை வரும். என் மருமகன் தண்ணீர் என்று சொன்னது இதைத்தான். இதை ரசிக்க வேறு ஊர்க்காரருக்கு விளக்கம் வேண்டும். எங்கள் வயதுக்காரருக்கு நினைவே போதும்.

1997 இல், போர்க்காலத்தில், எங்கள் பக்கம் மின்சாரம் கிடையாது. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னில்தான் வானொலி கேட்டோம். ஆறு வோல்ற், மூன்று வாற். முன் லைற்றை எரிக்கவென்று செய்த சின்னப் போத்தல் மாதிரி ஒரு சாமான். அதன் மாற்று மின்னோட்டத்தை நேராக்க நான்கு டயோட்டைப் பொருத்தி, ஒரு பலகைத் துண்டில் ஆணி அடித்து வைத்திருந்தார் அப்பா. செய்தி நேரம் பெரியவர்களுக்கு. செய்தி முடிந்தபின் கசெற் பெட்டி எங்களுக்கு. சுற்றுவது என் வேலை. தோள் கடுக்கத் தொடங்கினால் கை மந்தமாகும். கை மந்தமானால் நாடா மந்தமாகும். உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த பாடகி மெல்லக் கீழிறங்கி, தடித்து, ஒரு கட்டத்தில் தொண்டை கட்டிய ஆண்பிள்ளையாகிவிடுவார். அம்மம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவார்: "டேய், பாடுகிற மனுசியை ஏனடா ஆணாக்குகிறாய், சுற்று!" பயத்தில் வேகமாகச் சுற்றினால் பாடகி குழந்தையாவார். ஒரே பாட்டை ஒருநாளும் ஒரே மாதிரி நாங்கள் கேட்டதில்லை.

லண்டனில் பெரும் செலவில் செய்ததும் இதே வேலைதான். நாடாவின் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். சரி பாதி வேகம் என்றால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. 1966 இல் பீற்றில்ஸ் 'ரெயின்' என்ற பாட்டின் வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, பிறகு நாடாவை மந்தமாக்கி ஓட்டினார்கள். மழையில் நனைந்த துணிபோல ஒரு கனம் அதில் வந்தது. மறு வருடம் வெளிவந்த 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டில் இன்னும் துணிந்தார்கள். அவர்களின் பாடகர் ஜோன் லெனனுக்கு ஒரு பதிவின் தொடக்கமும் வேறொரு பதிவின் மீதியும் பிடித்துவிட்டன. இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் பொறியியலாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒன்றைச் சற்று வேகமாக்கி மற்றதைச் சற்று மந்தமாக்கி, நாடாவை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வருகிறது. கவனித்துக் கேளுங்கள், அந்த இடத்துக்குப் பின் குரல் ஒரு கனவுக்குள் கால் வைப்பதுபோலத் தடிக்கும். எனக்கு அங்கே ஒவ்வொரு முறையும் தோள் கடுக்கிறது.

ஆனால் பார்க்கரின் பாட்டில் கேட்கும் சுழற்சி வேகமாற்றம் மட்டுமல்ல. அதன் மூலம் வேறொரு தந்திரம். ஒரே பாட்டை இரண்டு நாடா இயந்திரங்களில் ஒன்றாக ஓட விட்டு, ஒன்றின் சக்கர விளிம்பை விரலால் இலேசாகத் தொட்டுத் தாமதப்படுத்துவது. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு பிந்தினாலே போதும். இரண்டு ஒலியும் சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும், சில இடங்களில் கூட்டும். தாமதம் மாற மாற அந்த அழிவு ஒலியின் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு ஊர்ந்து போகும். ஸ்மோல் ஃபேசஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் 1967 ஆம் ஆண்டுப் பாட்டான 'இச்சிக்கூ பார்க்' இதை ஊருக்கெல்லாம் கேட்க வைத்தது. இன்று இதே வேலையையும் இதன் உறவினர்களையும் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள் செய்கின்றன.

ஆங்கிலத்தில் இந்த ஒலியை 'ஜெட் விமானம் தலைக்கு மேலால் போவதுபோல' என்று விளக்குவார்கள். எங்கள் பக்கத்தில் நான் அந்த உவமையைச் சொல்வதில்லை. அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். வெறுங்குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். விழும் தண்ணீர் ஒன்றுதான். ஆனால் குடம் நிரம்ப நிரம்ப அதன் ஒலி கீழிருந்து மேலே ஏறும். பார்க்காமலே 'நிரம்பிவிட்டது' என்று குழாயைப் பூட்டுவோமே, அந்த ஏற்றத்தால்தான். அந்தக் குடம் நிரம்பி, வடிந்து, மறுபடி நிரம்பி, மறுபடி வடிந்தால் எப்படியிருக்கும்? அதுதான் பாட்டில் நீங்கள் கேட்பது. குடத்தைக் கேட்டுவிட்டு வந்து பாட்டை மறுபடி போடுங்கள். மருமகனுக்கு இப்படித்தான் விளங்கியது. அக்காவுக்குத் தண்ணீர் வீணானதில் கோபம்.

சுழலும் ஒலியில் இன்னொரு வகையும் உண்டு. மாலையில் பாண் ஓட்டோ பேதோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். கிட்ட வரும்போது மெட்டு ஒரு சுருதியில் இருக்கும், எங்களைக் கடந்தவுடன் சற்று இறங்கிவிடும். ஒலி எழும்பும் இடமே அசைந்தால் சுருதி வளையும். ஓகன் என்ற இசைப்பலகை வாத்தியத்துக்கென்று செய்த லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டியில், கூம்பு பெட்டிக்குள்ளேயே சுழல்கிறது. பாண் ஓட்டோவைப் பம்பரத்தில் கட்டிவிட்டதுபோல என்று வையுங்கள். 1966 இல் லெனனின் குரலை அதற்குள்ளால் அனுப்பிப் பதிவு செய்தார்கள். எந்தப் பாட்டில் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஐந்தாவது: பாட்டன் வீட்டுக்குப் போய்வருதல்

இப்போது புதிய பாட்டை ஒரு வாரம் ஓய விடுங்கள். பழையவை இரண்டு கேட்க வேண்டும்.

ஒன்று, த கிங்ஸ் குழுவின் 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்', 1965. கிற்றார் ஒரே சுரத்தில் ரீங்கரித்துக்கொண்டிருக்க, குரல் அதன்மேல் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் போகும். இதை எழுதிய ரே டேவிஸ், அவுஸ்திரேலியப் பயணத்தின்போது பம்பாயில் தங்கினார். அங்கே விடிகாலையில் வேலைக்குப் போகும் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்டதிலிருந்து இந்தப் பாட்டு பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த விடிகாலையைக் கற்பனை செய்வது கடினமில்லை. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கயிற்றில் தொங்கும் அத்தனை பேரும் ஒரே சுரத்தில் திருப்பிச் சொல்வார்கள். வலையை இழுக்க இயந்திரம் வந்தபின் அந்தப் பாட்டும் அருகிவிட்டது.

இரண்டு, பீற்றில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்'. 1966 இல் வந்த 'ரிவோல்வர்' தொகுப்பின் கடைசிப் பாட்டு. லெஸ்லி பெட்டிக்குள் சுழலும் குரல் இதில்தான். பிற்பாதியில் கேட்கும். இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். கைத்தொலைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை இறக்கி, ஒரு கட்டைச் சுருதியில் ஓட விட்டு, இன்னொரு தொலைபேசியில் இந்தப் பாட்டைப் போடுங்கள். ஏறத்தாழப் பொருந்திப் போகும். பாட்டு முழுக்க ஓர் ஆதார சுருதியை விட்டு அசைவதில்லை. தம்புராவும் உள்ளே இருக்கிறது. சங்கீதம் படித்தவர்கள் கைசிகி நிஷாதத்தைக் கேட்டு, ஹரிகாம்போதியின் வாசனை என்று தலையாட்டலாம். அதற்காக, எல்லாம் எங்கள் சரக்கு என்று மார்தட்டவும் வேண்டாம். அவர்கள் எடுத்தது சுருதியை மட்டும். ராகத்தை வளர்த்தெடுக்கும் வேலைக்கு அவர்கள் போகவே இல்லை. மூன்று நிமிடத்தில் என்ன ஆலாபனை?

அவர்கள் சொந்தமாகச் செய்தது வேறு. சின்னச் சின்ன ஒலிகளை நாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். அந்த வளையங்கள் கட்டடத்தின் வெவ்வேறு இயந்திரங்களில் சுற்றிக்கொண்டிருக்க, ஊழியர்கள் பென்சிலை உள்ளே விட்டு நாடாவை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்கள். கலவை மேசையில் இருந்தவர்கள் எந்த வளையத்தை எப்போது எழுப்புவது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானித்தார்கள். தொடக்கத்திலேயே கடற்பறவை கத்துவதுபோல ஒன்று வரும். அது பறவையல்ல, மக்கார்ட்னியின் சிரிப்பை வேகமாக ஓட்டியது. அப்போது அவர்களிடம் இருந்தது, நான்கு ஒலித்தடங்களை மட்டும் தனித்தனியே பதியக்கூடிய இயந்திரம் மட்டுமே.

இதே அறுபது எழுபதுகளில்தான் எங்கள் நாட்டிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு தமிழில் பொப் பாடினார்கள். அது துள்ளலின் வழி. சுழற்சியின் வழிக்குப் போகவில்லை. போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எப்போதாவது யோசிப்பதுண்டு. 'சின்ன மாமியே' லெஸ்லி பெட்டிக்குள் சுழன்றால் மாமி பாவம்.

ஆறாவது: திரும்பி வந்து, இனி வரிகள்

ஒரு வாரம் கழித்துப் பார்க்கரின் பாட்டுக்குத் திரும்புங்கள். இப்போது குரலைக் கவனியுங்கள். கேட்டவுடன் 'லெனன் மாதிரி' என்று நினைப்பீர்கள். எல்லோரும் அதையே நினைத்தார்கள். ஒரு காரணம், குரல் ஒன்றின்மேல் ஒன்று இரண்டாக விரிந்து கேட்பது. லெனனுக்கு ஒரே வரியை இரண்டு தடவை பாடிப் பதிவு செய்வதில் சலிப்பு. அதற்காகவே கென் டவுன்சென்ட் என்ற பொறியியலாளர் 1966 இல், நாடாவின் சிறு தாமதத்தால் ஒரு குரலைத் தானாகவே இரண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பாடகரின் சோம்பலுக்கு மருந்தாக வந்தது, ஒரு காலத்தின் குரலாகிவிட்டது.

வரிகளை இப்போது தேடிப் படிக்கலாம். கொஞ்சம்தான். மனதின் ஒவ்வொரு பகுதியும் முன்னே போ என்கிறது, ஆனால் போவதெல்லாம் பின்னோக்கித்தான் என்பது சாரம். இந்த முறையாவது வேறுமாதிரி இருக்கும் என்று ஒருவர் மறுபடியும் நம்பத் தொடங்குகிறார், நம்பும்போதே அது நடக்காது என்று அவருக்குத் தெரிகிறது. மெட்டோ சோகம் காட்டாமல் மேலே மேலே ஏறுகிறது. இந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் எனக்குப் பாட்டு பிடிக்கிறது. பின்னோக்கிப் போவதைப் பற்றிய பாட்டை, அரை நூற்றாண்டு பின்னே போய் எடுத்துவந்த ஒலிகளால் கட்டியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். தெரிந்துதான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

மொழி விளங்காதவர்கள் இந்தப் படியை முழுதாகவே விட்டுவிடலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒருநாள் முழுதாகக் கேட்டுவிட்டு, "யாரோ படலையடியில் நின்று, வரவா போகவா என்று யோசிக்கிறான்" என்றார். அதற்குமேல் நான் என்ன மொழிபெயர்ப்பது?

அடுத்து எங்கே

பிடித்துப் போனவர்கள் இதே ஆளின் 2015 ஆம் ஆண்டுப் பாட்டான 'லெட் இட் ஹெப்பன்' கேட்கலாம். ஏறத்தாழ எட்டு நிமிடம். நடுவில் ஓரிடத்தில் கீறல் விழுந்த தட்டுப்போல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். தொலைபேசியை உதறாதீர்கள், அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான். கிற்றாரின் மினுக்கம் பிடித்தவர்கள் இங்கிலாந்தின் டெம்பிள்ஸ் குழுவின் 'ஷெல்டர் சோங்' பக்கம் போகலாம். ஆனால் அவர்கள் பழைய சட்டையை அளவெடுத்து அப்படியே தைத்தவர்கள். எனக்குப் பத்துப் பாட்டுக்குமேல் அலுத்துவிட்டது. அமைதி வேண்டுமென்றால் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து க்ரூவாங்பின். அறுபது எழுபதுகளின் தாய்லாந்து இசையைக் கேட்டு வளர்த்துக்கொண்ட வாசிப்பு; பேச்சுக் குறைவு, பேஸ் நிறைய. பெயருக்குத் தாய் மொழியில் விமானம் என்று பொருள். இரைச்சல் ஒன்றும் இல்லை, பயப்படாமல் கேட்கலாம். இரணைமடுக் குளக்கட்டில் பொழுது சாயும்போது கேட்க இதைவிடப் பொருத்தமானது எனக்கு அகப்படவில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுத் தள்ளினால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். வாரத்துக்கு ஒன்று போதும்.

மருமகன் இப்போது வேறு கட்டத்துக்குப் போய்விட்டான். கொட்டிலில் கிடந்த கசெற் பெட்டியைக் கண்டெடுத்து, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டுமாம். டைனமோ இருக்கிறது. அப்பாவின் டயோட்டுப் பலகையும் இருக்கிறது. பெட்டிக்குள் நாடாவைச் சுற்றும் ரப்பர் பட்டிதான் இளகிப் பிசினாகிவிட்டது. கிளிநொச்சியில் மூன்று கடையில் கேட்டாயிற்று. இனி வவுனியாவில்தான் பார்க்க வேண்டும்.